பேட்டரிக்கு எடை போடுகிறவள்

“மூணு கிலோ நூறு கிராம். அது ஆஸ்பத்திரித் தராசுல பாத்தது. நம்ம கடைத் தராசுல அவ அம்மா பேட்டரிதான் எடை போடுவா.”

ராமசெல்வி என்னிடம் கேட்டது அரை கிலோ உளுந்து. பையை விரித்துப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

“அண்ணாச்சி, உனக்குப் பேத்தி பொறந்து இருவது நாளாவுது. இருவது நாளா யாரும் கேக்காததுக்கெல்லாம் நீ பதில் சொல்லிக்கினு கீற. உளுந்தப் போடு, நான் மாவாட்டணும்.”

போட்டேன். பத்து கிராம் கூடவே போட்டேன். படி இறங்கும்போது அவளே திரும்பி நின்று, “அது இன்னாது, பேட்டரிக்கு எடை?” என்று கேட்டாள். அதற்குள் அடுத்த ஆள் எண்ணெய் கேட்டு வந்துவிட்டதால் அன்று சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். அதைச் சொல்ல வேண்டுமானால் என் மகள் பெனிஷாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

என் பெயர் அய்யாத்துரை. தெற்கிலிருந்து வந்து திருவொற்றியூரில் முப்பத்தாறு வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். முன்னால் கடை, பின்னால் வீடு. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எனக்குத் தெரிந்தது எடை. ஒரு பொட்டலத்தைக் கையில் வாங்கினால் கால் கிலோ இருக்கிறதா, இருநூற்று நாற்பதுதான் இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். அந்தக் கை என் மகளுக்கும் வந்திருக்கிறது. ஆனால் அவள் அதை வைத்து என்ன செய்கிறாள் என்று பார்த்தபோது, முப்பத்தாறு வருடமாக நான் சும்மா பருப்பைத்தான் நிறுத்துக்கொண்டிருந்தேன் என்று தோன்றிவிட்டது.

பெனிஷா எங்களுக்கு ஒரே பிள்ளை. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படித்தாள். மாத்தூரில் எலெக்ட்ரிக் ஆட்டோக்களுக்குப் பேட்டரி கட்டித் தருகிற ஒரு பட்டறையில் எட்டு வருடமாக வேலை. ஒரு பேட்டரிக்குள் ஆரஞ்சுச் சுளை மாதிரி பல செல்கள் இருக்கும். எந்தச் சுளை நல்லது, எது சொத்தை என்று பிரித்துப் போடுவது அவள் வேலை. மாப்பிள்ளை ஷிபின் கப்பலில் இருக்கிறான். மகள் பிறந்ததையே ஃபோனில்தான் பார்த்தான்.

அவள் பட்டறைக்கு ஆட்டோ பேட்டரி விஷயமாக வந்த ஒருவர்தான் பிலால். ராயபுரத்தில் மீன்பிடிப் படகு இன்ஜின்களுக்கு மெக்கானிக். நாற்பத்தைந்து வயது, மூன்று பிள்ளைகள், ஒரு ரிமோட் கார். பொம்மை கார் என்று நினைக்க வேண்டாம். நானும் அப்படித்தான் நினைத்துச் சிரித்தேன். எண்ணூரில் மூடிக் கிடக்கிற ஒரு கிடங்கின் சிமெண்ட் தரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இதற்கு ரேஸ் நடக்கிறது. முழங்கையளவு நீளமுள்ள கார் அது. இங்கே நிற்கிறதே என்று விரலை நீட்டுவதற்குள் அந்தக் கோடியில் இருக்கும். அதற்கு அவ்வளவு உயிர் கொடுப்பது ஒரு துணிசோப்பு அளவு லித்தியம் பேட்டரி.

அந்தத் துணிசோப்பு நல்லதாக இருந்தால் கார் பறக்கும். கெட்டதாக இருந்தால் அதுவே பட்டாசு. நாலு வருடத்துக்கு முன்னால் ஒருவர் வண்டிப் பெட்டியில் வைத்திருந்த பேட்டரி பற்றிக்கொண்டு பைக் முழுதும் எரிந்துபோனது. அதற்கு அடுத்த வாரம் பிலால் போய் இவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். இவள் எல்லாருடைய பேட்டரிகளையும் பார்த்தாள். இருபத்திரண்டில் ஒன்பதைத் தனியாக எடுத்து வைத்து, இதெல்லாம் இனி ஓடக் கூடாது என்றாள். ஆம்பளைகள் முணுமுணுத்தார்களாம். அன்றிலிருந்து இன்றுவரை அந்தத் தரையில் ஒரு பேட்டரிகூடப் புகைந்ததில்லை.

முதல் பிரசவத்துக்கு ஏழாம் மாதத்தில் தாய் வீட்டுக்கு வந்தாள். இரண்டு பை கொண்டுவந்தாள். ஒன்றில் துணி. இன்னொன்றில் வாய் அகன்ற ஒரு மண் பானை.

“ஊறுகா போடவா மக்கா?” என்று கேட்டாள் என் மனைவி தங்கபுஷ்பம்.

“இல்லம்மா. பேட்டரி.”

பானையின் அடியில் ஒரு கை உயரத்துக்கு மணல். அதன் மேல் நாலு பேட்டரிகள் ஒன்றையொன்று தொடாமல். மேலே மூடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் நிறைய மணலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன்.

“தீ வந்தா பிளாஸ்டிக் உருகிடும்ப்பா. மணலு தானா கொட்டிடும். நான் தூங்கினாலும் மண்ணு தூங்காது.”

நான் அந்தப் பானையைச் சுற்றி வந்து சுற்றி வந்து பார்த்தேன். எவ்வளவு பெரிய யோசனை, எவ்வளவு மலிவான சாமானில்.

ஒன்பதாம் மாதத்தில் ஒரு நாள் பிலால் கடைக்கு வந்தார். கையில் பிரிக்காத புதுப் பேட்டரி. பளபளவென்று ஸ்டிக்கர், அதில் ஆறாயிரம் என்று பெரிய எழுத்து; அது விலை இல்லை, உள்ளே எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்கிற கணக்கு. பெனிஷா கடை ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“தங்கச்சி, ஆன்லைன்ல பாதி வெலைக்கு வந்துச்சு. எப்டி கீது பாரு.”

அவள் கவரைக்கூடப் பிரிக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து ஒரு தூக்குத் தூக்கினாள்.

“பிலால் அண்ணே, இதுல பாதி காத்துதான் கீது.”

“சீல் பிரிக்கல, அதுக்குள்ள காத்தா?”

“அப்பா, தராசு.”

என் தராசில் வைத்தாள். இருநூற்று ஐந்து கிராம். உள்ளே போய்ப் பானையிலிருந்து தன்னுடைய பேட்டரி ஒன்றை எடுத்து வந்து வைத்தாள். அதிலும் ஆறாயிரம் என்றுதான் எழுதியிருந்தது. முன்னூற்று இருபது.

“ஸ்டிக்கர்ல இன்னா வேணா எழுதலாம்ண்ணே. உள்ள சரக்கு இருந்தா எடை இருந்தே ஆவணும்.”

எங்கள் வியாபாரத்தில் ஏமாற்றுகிறவன் எடையைக் கூட்டுவான். மூட்டையில் தண்ணீர் தெளிப்பான், கல்லைக் கலப்பான். அதனால் எடை கூடினால்தான் எனக்குச் சந்தேகம் வரும். குறைவான எடையில் இருக்கிற திருட்டை என் தராசு அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பிடித்தது. என் கடையில், என் கண் முன்னால், என் மகள் கையால்.

பிலால் விடவில்லை. “ஓடறதுக்கு நல்லாத்தான இருக்கும்?”

அவள் கவரைப் பிரித்து, சின்ன மீட்டர் ஒன்றைப் பேட்டரியின் வெள்ளை முனையில் சொருகினாள். உள்ளே இருக்கிற இரண்டு செல்லும் எவ்வளவு முரண்டு பிடிக்கின்றன என்று அது காட்டுமாம். ஒன்றில் மூன்று, இன்னொன்றில் பதினொன்று.

“ஹார்பர்ல ரெண்டு பேர் ஒரு மூட்டையத் தூக்கறாங்க. ஒருத்தன் கைய விட்டா இன்னா ஆவும்? இன்னொருத்தன் இடுப்பு போவும். அதான் இதுல நடக்கும். ஒண்ணு ஓடும், இன்னொண்ணு சூடாவும். சூடானா உப்பும். உப்பினா அப்புறம் நீயும் நானும் ஓடணும்.”

பிலால் அதை மறுபடி பையில் போட்டுக்கொண்டார். “அண்ணாச்சி, உன் பொண்ணு வாயத் தொறந்தா என் பர்ஸு மூடிக்குது,” என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போதுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். எண்ணூர்த் தரையில் முதல் தடவையாக வெளியூர்க்காரர்களையும் கூப்பிட்டு ஒரு பெரிய ரேஸ். கோயம்புத்தூர், பெங்களூர், கொச்சியிலிருந்தெல்லாம் வருகிறார்கள். வாசலில் ஒரு மேசை. பெனிஷா பார்த்துப் பச்சைச் சீட்டு ஒட்டாத பேட்டரி எதுவும் உள்ளே போகாது. தேதி, பிள்ளை பிறந்து நாற்பத்திரண்டாவது நாள் வாக்கில் வரும்.

“நான் வரேன்,” என்றாள் பெனிஷா. வயிற்றில் கீரைத் தட்டை வைத்துக்கொண்டு சொன்னாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போனபோதுகூட அப்படி மலர்ந்த முகம் இல்லை.

பேத்தி பிறந்தாள். எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் நான் இரண்டு விஷயம்தான் பேசினேன். ஒன்று, பேத்தியின் எடை. இன்னொன்று, அவளுடைய காது மடல் என்னுடையதைப் போலவே ஒட்டியிருப்பது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே தங்கபுஷ்பம் பானையின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள்.

“பச்சப் பிள்ள இருக்க வூட்ல இது வேண்டாம்ட்டி. எடுத்து ஒன் பட்டறையில கொண்டு வையி.”

“அம்மா, இது பாதிதான் சார்ஜ் ஆகியிருக்கு. பாதி வயிறா இருந்தா பேட்டரி சண்டை போடாது.”

“பேட்டரிக்குப் பாதி வயிறு. நான் லேகியம் கிண்டித் தந்தா நீயும் பாதிதான் திங்க.”

பேச்சு சிரிப்பில் முடிந்தாலும் தங்கபுஷ்பம் ஒரு கண்டிஷன் போட்டாள். அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. “இந்த வூட்ல இதால ஒரு பொட்டுப் புகை வந்துச்சு, பானையும் கிடையாது, எண்ணூரும் கிடையாது. பிள்ளைக்கு ஒரு வயசாகிற வரைக்கும் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. சம்மதமா?”

“சம்மதம்,” என்றாள் பெனிஷா. அவளுக்கு அந்தப் பானை மேல் அவ்வளவு நம்பிக்கை.

பானை அவள் நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. கெடுத்தது நான்.

என் கடையில் கல்லாப் பெட்டிக்குக் கீழே ஒரு சதுர எண்ணெய் டின் இருந்தது. அதில் எப்போதும் எட்டுக் கிலோ அரிசி இருக்கும், விற்பனைக்கு இல்லை. காத்திவாக்கம், எர்ணாவூர்ப் பக்கம் கடலுக்கும் கழிமுகத்துக்கும் போகிறவர்கள் ஃபோனைத் தண்ணீரில் போட்டுவிட்டால் நேரே என்னிடம்தான் வருவார்கள். பெயரெழுதிய சீட்டோடு ஃபோனை அரிசிக்குள் புதைத்துவிடுவேன். இரண்டு நாளில் பாதி ஃபோன் உயிர் பெற்றுவிடும். பிழைக்காத ஃபோனுக்கும் என்னை யாரும் குறை சொன்னதில்லை. ‘ஃபோன் டின்’ என்றால் எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அதற்கு நான் காசு வாங்கியதில்லை. எனக்கு அதில் ஒரு பெருமை.

முப்பத்திரண்டாம் நாள், வியாழக்கிழமை மதியம், பிலால் வந்தார். எண்ணூர்க் கடற்கரையில் காரை ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஈர மணலில் வழுக்கி அலைக்குள் போய்விட்டது. பேட்டரியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“அண்ணாச்சி, இது நல்ல பேட்டரி, தங்கச்சி செலக்ட் பண்ணது. தண்ணில வுழுந்துடுச்சுன்னு சொல்லி அது கைல குட்த்துடு. எனக்குப் படகு ஒண்ணு வெயிட் பண்ணிக்கினு கீது.”

பெனிஷா அப்போதுதான் பாலூட்டிவிட்டுக் கண்ணயர்ந்திருந்தாள். இரவெல்லாம் தூங்காத பிள்ளை. எழுப்ப மனசு வரவில்லை. அதோடு, தங்கபுஷ்பம் பார்த்தால் இன்னொரு பேட்டரி வந்துவிட்டது என்று ஆரம்பிப்பாள். தண்ணீரில் விழுந்த சாமான் என் கைக்கு வந்தால் கை தானாக எங்கே போகும்? டின்னைத் திறந்தேன். ராமசெல்வியின் ஃபோன் ஏற்கெனவே அங்கே படுத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் பேட்டரியைப் புதைத்து அரிசியால் மூடினேன். மகள் எழுந்திருக்கும்போது காய்ந்த பேட்டரியை எடுத்து நீட்டலாம் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

மூன்று மணி இருக்கும். நான் கடலை மிட்டாய் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பெனிஷா உள்ளேயிருந்து வந்து வாசல் நிலையில் நின்றாள். தோளில் பிள்ளை. மூக்கை லேசாகத் தூக்கியிருந்தாள்.

“அப்பா, நெயில் பாலிஷ் வாசனை வருதா?”

எனக்குப் பெருங்காயமும் கருவாடும்தான் வந்தது. “மணலிக் காத்தா இருக்கும்,” என்றேன். மேற்கே மணலியில் எண்ணெய் ஆலைகள் இருப்பதால், எங்கள் ஊரில் மூக்கில் புதிதாக எது பட்டாலும் நாங்கள் சொல்கிற பதில் அது.

“இந்நேரம் கடக் காத்துப்பா. மணலி வாசனை கடல்லேர்ந்து வராது. இது வூட்டுக்குள்ள கீது.”

சொல்லிக்கொண்டே திரும்பி, பின்னால் வந்த தங்கபுஷ்பத்தின் கையில் பிள்ளையைக் கொடுத்தாள். குரலை உயர்த்தவில்லை. சாம்பாருக்கு உப்பு போதுமா என்று கேட்கிற குரல். “அம்மா, பிள்ளையத் தூக்கிக்கினு கடல் பக்கமா நட. நான் கூப்பிடற வரைக்கும் வராத. செருப்புத் தேடாத.”

தங்கபுஷ்பம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் நடந்ததை என் முப்பது வருட இல்லறத்தில் அன்றுதான் பார்த்தேன்.

பெனிஷா கடைக்குள் இரண்டு அடி வைத்தாள். குனிந்தாள். டின்னைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “அப்பா, டின்ல இன்னா வெச்சீங்க?”

“பிலாலோட பேட்டரி. தண்ணில விழுந்துச்சாம், காயட்டும்னு.”

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டுவதற்கு ஒரு நொடிகூடச் செலவழிக்கவில்லை.

“கடல் தண்ணியா?”

“ஆமா.”

“மூடியத் தொறக்காதீங்க. கையால தொடாதீங்க. மூட்டைக் கொக்கிய எடுங்க. டின்னு காதுல மாட்டி இழுங்க. நான் வழி விடறேன்.”

மூட்டை இழுக்கிற கொக்கி முப்பத்தாறு வருடமாக என் கையில் இருப்பது. மாட்டி இழுத்தேன். அவள் முன்னால் போய் வெங்காயக் கூடையையும் ஸ்டூலையும் காலால் தள்ளி வழி செய்தாள். மூடி இடுக்கிலிருந்து நூல் மாதிரி வெள்ளைப் புகை வர ஆரம்பித்திருந்தது. படியில் டின் இடறியபோது நான் நின்றேன்.

“நிக்காதீங்கப்பா. மெதுவா போனாலும் பரவால்ல, நிக்கக் கூடாது.”

தெருவில் கால்வாய் வேலைக்குக் கொட்டிய மணல் ஒரு குவியலாகக் கிடந்தது. அதன் ஓரத்தில் டின்னை இழுத்து விட்டதும் அவள் என் சட்டையைப் பிடித்து இழுக்க, இரண்டு பேரும் ஓடிவந்து கடல் பக்கம் நின்றோம். நான் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் மூடி பறந்தது. சீறிக்கொண்டு ஒரு ஆள் உயரத்துக்கு நெருப்பு. அரிசி பொரிந்து தெருவெல்லாம் சிதறியது. எங்கள் பேத்தி தூங்கிய தொட்டிலுக்கும் அந்த டின் இருந்த இடத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைத் தடுப்பு.

எதிர் வீட்டிலிருந்து ஒரு அம்மா குடத்தோடு ஓடிவந்தார். பெனிஷா கையைக் குறுக்கே நீட்டினாள். “கிட்டப் போவாதக்கா. அந்தப் புகை மூக்குல ஏறக் கூடாது. அது தானா எரிஞ்சு அடங்கும்.” இரண்டு நிமிஷம் அது எரிந்தது. அடங்கியதும் ஒரு மண்வெட்டியை வாங்கி, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, மணலைத் தள்ளித் தள்ளி மூடினாள். பிள்ளை பெற்று முப்பத்திரண்டே நாள் ஆன உடம்பு. நான் மண்வெட்டியை வாங்கப் போனேன். தரவில்லை. தண்ணீர், அதுவும் உப்புத் தண்ணீர், உள்ளே போன பேட்டரி உள்ளுக்குள் சூடாகிக்கொண்டே இருக்குமாம்; அரிசி அதைக் காய வைக்காது, சூட்டை மூடித்தான் வைக்குமாம்.

தெரு முழுதும் கூடிவிட்டது. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராமசெல்வி வந்தாள்.

“அண்ணாச்சி, இன்னா கூட்டம்? என் போனு காஞ்சுடுச்சா?”

நான்தான் சொன்னேன். “நல்லாக் காஞ்சிடுச்சு.”

அவளுக்குப் புது ஃபோன் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அது தனிக் கதை.

அன்று சாயங்காலம் பெனிஷா பானையைத் துடைத்து, பட்டறைக்கு அனுப்புவதற்காக வாசல் ஓரம் எடுத்து வைத்திருந்தாள். ஒரு பொட்டுப் புகை என்பதுதானே பேச்சு. அவள் பேச்சு மாறமாட்டாள். அப்பாதான் அதை அங்கே வைத்தார் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிலாலுக்கு ஃபோன் போட்டு, “வேற ஆளப் பாத்துக்கண்ணே, என்னால வர முடியாது,” என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் அவர் கத்துவது எனக்குக் கேட்டது. அவள் ஃபோனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். சேலை எடுக்கப் போனபோதுகூட இல்லாத அந்த முகம் போய்விட்டிருந்தது. அதைக் கொண்டுபோனவன் நான்.

ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் ஜெபம். மூன்று பேரும் முழங்கால் போட்டோம். நான்தான் தினமும் ஜெபிப்பது. கடை, ஊர், கப்பலில் இருக்கிற மாப்பிள்ளை, பேத்தி என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்த ஜெபம் ஒரு இடத்தில் நின்றுவிட்டது.

“ஆண்டவரே, அந்தப் பேட்டரிய அரிசி டின்ல வெச்சது நான்தான்.”

தங்கபுஷ்பம் கண்ணைத் திறக்கவில்லை.

“ஆண்டவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பேட்டரி தானா நடந்து போயா அரிசிக்குள்ள படுக்கும்? ஆமென் சொல்லுங்க.”

ஆமென் சொன்னேன். எழுந்ததும் அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

“பானையில இருந்து புகை வந்துச்சாட்டி?”

“இல்லம்மா.”

“பொறவு எதுக்கு அத வாசல்ல வெச்சிருக்க? ஒங்கப்பா டின்ல இருந்துல்லா வந்துச்சு. அந்த டின்னுதான் இனி இந்த வூட்ல கிடையாது.”

பெனிஷா நிமிர்ந்து பார்த்தாள். தங்கபுஷ்பத்தின் குரல் அப்போதுதான் இறங்கியது.

“பிள்ள என் கையிலதான் இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் மணக்கல மக்கா. ஒனக்குத்தான் மணத்துச்சு. ஒங்கப்பா மாதிரி இன்னும் எத்தனை பேரு எங்கெங்க கொண்டு வெச்சிருக்கானோ. நீ போயி பாரு. நானும் வாரேன், பிள்ளையத் தூக்கிட்டு.”

பிலாலுக்குத் தங்கபுஷ்பமே ஃபோன் போட்டாள். “வேற ஆளப் பாத்துட்டீங்களா? பாத்திருந்தா வேண்டாம்னு சொல்லுங்க,” என்றாள்.

இன்றைக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணி ஆராதனைக்குப் போய்விட்டு நாலு பேரும் ஆட்டோவில் எண்ணூருக்குப் போனோம். என் மடியில் கடைத் தராசு, துண்டில் சுற்றி. தங்கபுஷ்பம் மடியில் பேத்தி. தராசு பேத்தியைவிடக் கனம்.

கிடங்கு வாசலில் மேசை போட்டிருந்தார்கள். பெனிஷா முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தாள். அம்மாவையும் பிள்ளையையும் காற்று வருகிற பக்கம், மேசையிலிருந்து தூரமாக, நிழலில் உட்கார வைத்தாள். பிறகு மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய இரும்புத் தொட்டியில் மணலை நிரப்பச் சொன்னாள். பிறகுதான் உட்கார்ந்தாள். வரிசை சாலைவரை நின்றது. என்னைவிட வயசானவர்கள், பெங்களூரிலிருந்து விமானத்தில் வந்தவர்கள், இங்கிலீஷ் பேசுகிறவர்கள், எல்லாரும் கையில் பேட்டரியை ஏந்திக்கொண்டு, ரேஷன் கடையில் நிற்பது மாதிரி என் மகள் முன்னால் நின்றார்கள். நான் தராசுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எடையாகப் படித்துச் சொன்னேன். என் குரல் என் குரல் மாதிரியே இல்லை.

பேட்டரியைத் தடவிப் பார்ப்பாள், உப்பல் இருக்கிறதா என்று. வயர் முனையைப் பார்ப்பாள், கடல் காற்றில் பச்சை பூத்திருக்கிறதா என்று. எடை. பிறகு மீட்டர். ஒன்றுக்கு ஒரு நிமிஷம்தான். ஆனால் இந்தத் தடவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு புதுக் கேள்வி வைத்திருந்தாள்.

“தண்ணில வுழுந்துச்சா? அரிசில எதுனா வெச்சீங்களா?”

முதல் ஆள் சிரித்தான். இரண்டாவது ஆளும் சிரித்தான். ஏழாவதாக நின்றவர் கோயம்புத்தூர்க்காரர், ஐம்பது வயது இருக்கும், நல்ல கண்ணாடி, நல்ல சட்டை. அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த பேட்டரியைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பிலாலைப் பார்த்தார்.

“போன மாசம் மழையில நனைஞ்சுதுங்க. வீட்ல அரிசி டப்பாவுலதான் ரெண்டு நாள் வெச்சிருந்தேன். உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

வரிசையில் ஒரு கூச்சல் எழுந்தது. யாரோ கேலியாக விசில் அடித்தார்கள். அந்த மனிதரின் முகம் சுருங்கிவிட்டது. நான் தராசைப் பார்த்தபடி நின்றேன்.

பெனிஷா இரண்டு கையையும் நீட்டி, பிள்ளையை வாங்குவது மாதிரி, அந்தப் பேட்டரியை அவரிடமிருந்து வாங்கினாள்.

“எங்க அப்பாவும் அரிசிலதான் சார் வெச்சாரு. முப்பத்தாறு வருசமா அரிசி விக்கறவரு, அவருக்கே தெரியல. உங்களுக்கு எப்படித் தெரியும்? இது மண்ணுல இருக்கட்டும். நீங்க அடுத்ததக் குடுங்க, பாக்கலாம்.”